சிறிய மின்னணுவியல் ஆய்வகத்திற்கான சோதனைக் கருவிகள்

சிறிய மின்னணுவியல் ஆய்வகத்திற்கான சோதனைக் கருவிகள் என்பவை, மின்னணுச் சுற்றுகளை வடிவமைக்கவும், சோதிக்கவும், பழுது நீக்கவும் தேவைப்படும் அளவைக் கருவிகளும் அவற்றுக்குத் துணையான மின்வழங்கிகளும் ஆகும். மாணவர் ஒருவரின் மேசை, பள்ளி அல்லது கல்லூரியின் ஓர் அறை, சிறு பழுதுநீக்கும் கடை ஆகியவற்றில் அமையும் ஆய்வகங்கள் இவ்வகையில் அடங்கும். இத்தகைய ஆய்வகங்களில் பல்மானி, மின்வழங்கி, அலைகாட்டி, குறிகை இயற்றி, தருக்கப் பகுப்பாய்வி ஆகியவை முதன்மையான கருவிகளாகும்.

குறைந்த செலவில் கருவிகளைத் தெரிவு செய்யும்போது, விலையை மட்டும் ஒப்பிடுவது போதாது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் மலிவான கருவியும் சரியான விடையைத் தரும். எல்லையைக் கடந்தால், பெரும்பாலான கருவிகள் எச்சரிக்கை ஏதும் செய்யாமல் தவறான விடையைக் காட்டும். சில வேளைகளில் பயன்படுத்துபவரின் உயிருக்கும் ஆபத்து விளைவிக்கும். எனவே கருவியின் எல்லைகளை அறிந்து, அவை தேவைக்குப் போதுமானவையா எனக் கணக்கிடுவதே தெரிவின் அடிப்படை ஆகும்.

வரலாறு

1897 ஆம் ஆண்டில் செருமானிய இயற்பியலாளர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கிய எதிர்மின்கதிர்க் குழாய், அலைகாட்டியின் முன்னோடி ஆகும். மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் அவோமீட்டர் 1923 இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. அந்நாட்டின் அஞ்சல் துறைப் பொறியாளரான டொனால்டு மெக்காடி இதனை வடிவமைத்தார்.

எளிய வடிவமைப்பினால் கருவியின் விலையைக் குறைக்கலாம் என்பதற்கு ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தின் முதல் கருவியான 200ஏ அலையியற்றி (1939) நல்ல எடுத்துக்காட்டு. வெளியீட்டு அலையின் வீச்சை நிலையாக வைத்திருக்க, சிக்கலான சுற்றுக்கு மாற்றாக ஒரு சிறிய இழை விளக்கு அதில் பயன்படுத்தப்பட்டது. விளக்கின் இழை சூடாகும்போது அதன் மின்தடை கூடும். இப்பண்பே வீச்சைக் கட்டுப்படுத்தியது. இதன் மாற்று வடிவமான 200பி கருவிகள் எட்டினை, 1940 இல் வெளிவந்த ஃபேன்டேசியா திரைப்படத்தின் ஒலி அமைப்புப் பணிகளுக்காக வால்ட் டிஸ்னி நிறுவனம் வாங்கியது. டெக்ட்ரானிக்சு நிறுவனம் 1946 இல் தொடங்கப்பட்டு, 511 என்னும் அலைகாட்டியை 1947 இல் வெளியிட்டது.

பல்மானி

மல்டிமீட்டர் எனப் பரவலாக அறியப்படும் பல்மானியே எந்த ஆய்வகத்திலும் முதலில் வாங்கப்படும் கருவி ஆகும்.

துல்லியம்

மலிவான எண்முறைப் பல்மானிகள் பெரும்பாலும் மூன்றரை இலக்க வகையைச் சார்ந்தவை. இவை 1999 வரையான எண்களைக் காட்டும். திரையில் தெரியும் இலக்கங்களின் எண்ணிக்கையும் துல்லியமும் ஒன்றல்ல. எடுத்துக்காட்டாக, ஒரு பல்மானியின் துல்லியம் ±(0.5% + 2 இலக்கங்கள்) எனக் கொடுக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். 20 வோல்ட் வீச்சில் அது 5.00 எனக் காட்டும்போது, 0.5 விழுக்காடு என்பது 0.025 வோல்ட், கடைசி இலக்கத்தின் இரண்டு அலகுகள் என்பது 0.02 வோல்ட். எனவே உண்மையான மதிப்பு 4.955 வோல்ட் முதல் 5.045 வோல்ட் வரை எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலான பயிற்சிகளுக்கும் பழுதுநீக்கும் பணிகளுக்கும் இது போதுமானது.

உள்ளீட்டு மின்தடை

அளக்கும் கருவி, அளக்கப்படும் சுற்றின் ஒரு பகுதியாகிவிடுகிறது. பெரும்பாலான எண்முறைப் பல்மானிகளின் உள்ளீட்டு மின்தடை 10 மெகா ஓம் ஆகும். தொடராக இணைந்த இரு 1 மெகா ஓம் மின்தடையாக்கிகளின் குறுக்கே 10 வோல்ட் கொடுத்தால், நடுப்புள்ளியில் 5 வோல்ட் இருக்கும். அங்கே பல்மானியை இணைத்தவுடன் கீழுள்ள மின்தடை 0.909 மெகா ஓமாகக் குறைந்து, கருவி ஏறத்தாழ 4.76 வோல்ட் மட்டுமே காட்டும். கருவி பழுதடையவில்லை, இணைப்புக்குப் பின் அங்கு நிலவும் மின்னழுத்தத்தையே அது காட்டுகிறது. உயர் மின்தடை கொண்ட சுற்றுகளை அளப்போர் இதனைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மின்னோட்டத்தை அளக்கும்போதும் இத்தகைய விளைவு உண்டு. பல மலிவான கருவிகள் 200 மில்லி ஆம்பியர் வீச்சில் 1 ஓம் மின்தடையைப் பயன்படுத்துகின்றன. அதன் வழியே 100 மில்லி ஆம்பியர் செல்லும்போது, உருகியையும் கம்பிகளையும் சேர்க்காமலேயே 0.1 வோல்ட் இழக்கப்படும். 3.3 வோல்ட்டில் இயங்கும் சுற்றுக்கு இது சிறிய இழப்பு அன்று.

மாறுதிசை அளவீடு

மாறுதிசை மின்னழுத்தத்தை அளக்கும் மலிவான கருவிகள் அலையின் சராசரியை அளந்து, அது சைன் அலை என்னும் ஊகத்தில் 1.11 ஆல் பெருக்கிக் காட்டுகின்றன. சைன் அலைக்கு இது சரி. சுழியத்தை மையமாகக் கொண்ட சதுர அலைக்கு இதே கருவி ஏறத்தாழ 11 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். எண்ணியல் குறிகைகள், மின்விளக்கு ஒளிக்குறைப்பிகள், மோட்டார் இயக்கிகள் ஆகியவற்றுடன் பணியாற்றுவோர், மெய்யான ஆர்.எம்.எஸ். மதிப்பை அளக்கும் பல்மானியைத் தெரிவு செய்தல் நன்று.

பாதுகாப்பு வகைப்பாடு

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 61010 தரப்பாடு, மின் வலையமைப்பில் அளவீடு நிகழும் இடத்தைப் பொறுத்துக் கருவிகளை வகைப்படுத்துகிறது.

- கேட் 2: சுவர் மின்செருகியில் இணைக்கப்படும் சாதனங்கள்
- கேட் 3: கட்டிடத்தின் மின்பகிர்வுப் பலகைகள், நிலையான இணைப்புகள்
- கேட் 4: கட்டிடத்திற்கு மின்சாரம் வந்துசேரும் இடம், மின்கம்பி வழிகள்

மின் வலையமைப்பில் கணநேரத்திற்குத் தோன்றும் உயர் மின்னழுத்தத் துடிப்புகளைத் தாங்கும் திறனே இவ்வகைகளை வேறுபடுத்துகிறது. 600 வோல்ட் எனக் குறிக்கப்பட்ட கேட் 2 கருவி 4,000 வோல்ட் துடிப்பைத் தாங்கும் வகையில் சோதிக்கப்படுகிறது. அதே 600 வோல்ட் கேட் 3 கருவிக்கு இது 6,000 வோல்ட். கேட் 4 கருவிக்கு 8,000 வோல்ட். எனவே வோல்ட் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது.

மிக மலிவான பல்மானிகளில் 10 ஆம்பியர் துளைக்கு உருகி இருப்பதில்லை. கருவியின் முகப்பிலேயே இது பொறிக்கப்பட்டிருக்கும். மின்னோட்டத்தை அளந்தபின் கம்பியை அத்துளையிலேயே விட்டுவிட்டு, சுவர் மின்செருகியின் மின்னழுத்தத்தை அளக்க முயல்வது அடிக்கடி நிகழும் தவறு. அப்போது பல்மானி ஒரு குறுக்குச்சுற்றாகச் செயல்படும். உருகி இல்லாவிடில் கம்பி உருகிக் கையில் தீக்காயம் ஏற்படலாம். இத்தகைய கருவிகளை மின்கலத்தால் இயங்கும் குறைந்த மின்னழுத்தச் சுற்றுகளுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். 230 வோல்ட் வழங்கலை அளக்க வேண்டியிருந்தால், எல்லா மின்னோட்டத் துளைகளுக்கும் உயர் முறிதிறன் கொண்ட உருகி உடைய பல்மானி தேவை. குறைந்த செலவில் அமையும் ஆய்வகத்திலும் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இதுவாகும்.

மின்வழங்கி

ஆய்வக மின்வழங்கியின் முதன்மையான பயன், மின்னழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் வசதி மட்டுமன்று; மின்னோட்டத்திற்கு வரம்பு விதிக்கும் வசதியும் ஆகும். 50 மில்லி ஆம்பியர் எடுக்கும் சுற்று ஒன்றைச் சோதிக்கும்போது வரம்பை 100 மில்லி ஆம்பியரில் வைத்தால், ஒரு பகுதி திசைமாற்றிப் பொருத்தப்பட்டிருந்தாலும் மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியரைத் தாண்டி நீடிக்காது. வழங்கியின் வெளியீட்டு மின்தேக்கியில் சேமிக்கப்பட்டுள்ள ஆற்றல் மட்டும் தொடக்கத்தில் ஒரு கணம் பாயும். வரம்பை அமைத்த பின்னரே சுற்றை இணைக்க வேண்டும்.

மாணவர் ஆய்வகங்களுக்கு 0 முதல் 30 வோல்ட் வரை, 2 அல்லது 3 ஆம்பியர் வழங்கும் கருவி ஏற்றது. செயல்பாட்டுப் பெருக்கிகளைப் பயன்படுத்துவோர்க்கு +15, −15 வோல்ட் போன்ற இரட்டை வழங்கல் தேவைப்படும். ஒன்றிலிருந்து ஒன்று தனிமைப்படுத்தப்பட்ட இரு வெளியீடுகளைத் தொடராக இணைத்து இதனைப் பெறலாம்.

நேரியல் வகை மின்வழங்கிகளில் இரைச்சல் குறைவு. ஆனால் எடையும் வெப்பமும் கூடுதல். உள்ளே 30 வோல்ட் இருக்கையில் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் எடுத்தால், 75 வாட் வெப்பமாக வீணாகும். எஸ்.எம்.பி.எஸ். வகை வழங்கிகள் இலேசானவை, மலிவானவை. ஆனால் அவற்றின் உயர் அதிர்வெண் இரைச்சல் ஒலிச் சுற்றுகளையும் நுண்ணிய அளவீடுகளையும் பாதிக்கலாம்.

பழைய கணினியின் ஏடிஎக்ஸ் மின்வழங்கி 3.3, 5, 12 வோல்ட்டுகளைச் செலவின்றித் தரும். எனினும் அதன் பாதுகாப்புச் சுற்று பல ஆம்பியர்கள் பாய்ந்த பின்னரே செயல்படும் என்பதால், சிறு சுற்றைப் பொறுத்தவரை அது பாதுகாப்பு ஆகாது. ஒவ்வொரு வெளியீட்டிலும் தகுந்த உருகியைச் சேர்த்த பின்னரே அதனைப் பயன்படுத்த வேண்டும்.

அலைகாட்டி

ஆசிலாஸ்கோப் எனப்படும் அலைகாட்டி, மின்னழுத்தம் காலத்தைப் பொறுத்து மாறுவதை வரைபடமாகக் காட்டும். சிறு ஆய்வகத்தின் செலவில் பெரும்பங்கு பொதுவாக இக்கருவிக்கே செல்கிறது. இதன் மூன்று அளவுருக்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

பட்டையகலம்

பட்டையகலம் என்பது, அளக்கப்படும் சைன் அலையின் வீச்சு 70.7 விழுக்காடாகக் குறைந்து தெரியும் அதிர்வெண் ஆகும். 50 மெகாஹெர்ட்ஸ் அலைகாட்டியில் 50 மெகாஹெர்ட்ஸ் அலையின் வீச்சு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாகவே தெரியும். சதுர அலையில் அடிப்படை அதிர்வெண்ணுடன் அதன் ஒற்றைப்படை மடங்குகளும் கலந்திருக்கும். 10 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையில் 30, 50, 70 மெகாஹெர்ட்ஸ் கூறுகள் உள்ளன. இவை தடுக்கப்பட்டால் சதுர அலையின் முனைகள் மழுங்கித் தெரியும்.

அலைகாட்டியின் ஏறுநேரம் ஏறத்தாழ 0.35 ஐப் பட்டையகலத்தால் வகுத்தால் கிடைக்கும். 50 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு இது 7 நானோ நொடி. உண்மையில் 5 நானோ நொடியில் ஏறும் குறிகை, இக்கருவியில் ஏறத்தாழ 8.6 நானோ நொடியில் ஏறுவதாகத் தெரியும். இம்மதிப்பு 5, 7 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் ஆகும். ஒலிச் சுற்றுகள், மின்வழங்கிகள், எளிய நுண்கட்டுப்படுத்திச் சுற்றுகள் ஆகியவற்றுக்கு 50 மெகாஹெர்ட்ஸ் போதுமானது.

மாதிரியெடுப்பு வீதமும் நினைவகமும்

எண்முறை அலைகாட்டி, குறிகையை நொடிக்குப் பல முறை மாதிரியெடுத்து நினைவகத்தில் சேமிக்கிறது. குறிகையின் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கிற்கும் மேலான வீதத்தில் மாதிரியெடுக்க வேண்டும் என்பது கோட்பாடு. நடைமுறையில் பட்டையகலத்தைப் போல் ஐந்து மடங்கு வீதம் விரும்பப்படுகிறது. வீதம் போதாவிடில் பொய்யலை தோன்றும். நொடிக்கு 10 லட்சம் மாதிரிகள் எடுக்கும் கருவியில் 1.01 மெகாஹெர்ட்ஸ் அலை, 10 கிலோஹெர்ட்ஸ் அலையாகத் தெரியும். திரையில் தெரியும் அலை முற்றிலும் இயல்பாக இருக்கும் என்பதே இதன் ஆபத்து.

விளம்பரங்களில் குறிப்பிடப்படும் உச்ச வீதம் எல்லா நேரங்களிலும் கிடைப்பதில்லை. நினைவகத்தில் 2,500 புள்ளிகள் மட்டுமே உள்ள கருவியில் 10 மில்லி நொடி நீளக் குறிகையைப் பிடித்தால், வீதம் நொடிக்கு 2.5 லட்சம் மாதிரிகளாகக் குறைந்துவிடும். 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உள்ள கருவி, அதே 10 மில்லி நொடியை நொடிக்கு 100 கோடி மாதிரிகள் என்னும் வீதத்திலேயே பதிவு செய்யும். சில கருவிகளில் வீதம் தடங்களுக்கிடையே பகிரப்படுகிறது. 2014 இல் வெளிவந்து பொழுதுபோக்கு ஆர்வலரிடையே பரவிய ரிகோல் டிஎஸ்1054இசட் நான்கு தடங்கள் கொண்ட 50 மெகாஹெர்ட்ஸ் கருவி. ஒரு தடத்தில் நொடிக்கு 100 கோடி மாதிரிகள் எடுக்கும் இது, நான்கு தடங்களும் இயங்கும்போது ஒவ்வொன்றிலும் 25 கோடி மாதிரிகளே எடுக்கும். இதுவும் பட்டையகலத்தைப் போல் ஐந்து மடங்கு என்பதால் போதுமானதே.

ஆய்முனை

புரோப் எனப்படும் ஆய்முனையில் பெரும்பாலும் 1 மடங்கு, 10 மடங்கு என்னும் இரு நிலைகள் உண்டு. 10 மடங்கு நிலையில் உள்ளீட்டு மின்தடை 10 மெகா ஓம் ஆகும். சுற்றின் மீதான மின்தேக்குச் சுமையும் குறையும். 1 மடங்கு நிலையில் ஆய்முனையின் பட்டையகலம் பெரும்பாலும் 10 மெகாஹெர்ட்ஸுக்கும் குறைவு. 100 மெகாஹெர்ட்ஸ் கருவியை வாங்கி, ஆய்முனையை 1 மடங்கு நிலையில் வைத்தால், செலவழித்த தொகையின் பயன் கிடைக்காது. அலைகாட்டியின் முகப்பில் உள்ள 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொண்டு ஆய்முனையின் ஈடுசெய் மின்தேக்கியைச் சரிசெய்த பின்னரே அளக்க வேண்டும்.

புவியிணைப்பு

மின்செருகியில் இணைக்கப்படும் அலைகாட்டிகளில், ஆய்முனையின் தரைக் கவ்வி மூன்று முனைச் செருகியின் புவி முனையுடன் நேரடியாக இணைக்கப்பட்டுள்ளது. எல்லாத் தடங்களின் கவ்விகளும் தமக்குள் இணைந்தவையே. எனவே தரைக் கவ்வியைச் சுற்றில் விரும்பிய இடத்தில் பொருத்த இயலாது. எஸ்.எம்.பி.எஸ். மின்வழங்கியின் முதன்மைப் பக்கத்தில் அதனைப் பொருத்தினால், மின்வழியிலிருந்து புவிக்குக் குறுக்குச்சுற்று ஏற்படும். ஆய்முனையும் சோதிக்கப்படும் சாதனமும் கணத்தில் அழியலாம்.

இதனைத் தவிர்க்க அலைகாட்டியின் புவி முனையைத் துண்டிக்கும் வழக்கம் சிலரிடம் உள்ளது. இது மிகவும் ஆபத்தானது. புவியிணைப்பு நீங்கிய கருவியின் உலோக உடல், கவ்வி இணைக்கப்பட்ட புள்ளியின் மின்னழுத்தத்தைப் பெறும். 230 வோல்ட் வழங்கலின் உச்ச மின்னழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட். அலைகாட்டியைத் தொடுபவர் அதற்கு உள்ளாவார். சரியான வழிகள் பின்வருமாறு:

- சோதிக்கப்படும் சாதனத்தைத் தனிமைப்படுத்தும் மின்மாற்றி வழியாக இயக்குதல்
- வேறுபாட்டு ஆய்முனையைப் பயன்படுத்துதல்
- கவ்விகளைச் சுற்றில் இணைக்காமல், அம்மின்னழுத்தத்தைத் தாங்கும் இரு 10 மடங்கு ஆய்முனைகளால் அளந்து, இரு தடங்களின் வேறுபாட்டைக் காணுதல்

கணினியின் யூஎஸ்பி முனையில் இயங்கும் அலைகாட்டிகளுக்கும் இது பொருந்தும். அவற்றின் தரைக் கவ்வி கணினியின் தரையுடன் இணைந்திருப்பதால், தவறான இணைப்பு கணினியையும் பாதிக்கும்.

குறிகை இயற்றி

குறிகை இயற்றி, சைன், சதுர, முக்கோண அலைகளை உருவாக்கிச் சுற்றுகளுக்கு உள்ளீடாக வழங்கும். பெரும்பாலான இயற்றிகளின் வெளியீட்டு மின்மறுப்பு 50 ஓம். சில கருவிகள் 50 ஓம் சுமை இணைக்கப்பட்டுள்ளதாகக் கருதியே வீச்சைக் காட்டும். அவற்றில் 1 வோல்ட் என அமைத்து, உயர் மின்மறுப்புள்ள அலைகாட்டியில் அளந்தால் 2 வோல்ட் தெரியும். இது பழுதன்று.

ஒலி அதிர்வெண்கள் மட்டும் போதுமெனில், கணினி அல்லது கைப்பேசியின் ஒலி வெளியீடே ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரை குறிகை இயற்றியாகப் பயன்படும். சுற்றின் நேர்திசை மின்னழுத்தம் கணினிக்குள் செல்லாதவாறு தொடரில் ஒரு மின்தேக்கியை இணைக்க வேண்டும். எனவே தனி இயற்றி வாங்குவதைத் தள்ளிப்போடலாம்.

தருக்கப் பகுப்பாய்வி

லாஜிக் அனலைசர் எனப்படும் தருக்கப் பகுப்பாய்வி, பல எண்முறைத் தடங்களை ஒரே நேரத்தில் பதிவு செய்து, அவற்றில் செல்லும் தரவுகளைப் படித்துக் காட்டும். எட்டுத் தடங்களை 24 மெகாஹெர்ட்ஸ் வீதத்தில் பதிவு செய்யும் எளிய யூஎஸ்பி கருவிகள் மிக மலிவாகக் கிடைக்கின்றன. சிக்ரோக் என்னும் கட்டற்ற மென்பொருள் இவற்றுள் பலவற்றை ஆதரிக்கிறது. 100 அல்லது 400 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் ஐ2சி தடங்களுக்கும், நொடிக்கு 1,15,200 பிட்டுகள் செல்லும் தொடர் தடங்களுக்கும் இவை தாராளமாகப் போதும். எனினும் இவை குறிகையை 0 அல்லது 1 எனவே பதிவு செய்கின்றன. மின்னழுத்தம் போதாமை, இரைச்சல், மெதுவாக ஏறும் குறிகை ஆகிய குறைகளைக் காண அலைகாட்டி வேண்டும்.

பயன்படுத்தப்பட்ட கருவிகள்

20 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையான ஒப்புமை வகை அலைகாட்டிகள் பயன்படுத்தப்பட்ட நிலையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றில் பொய்யலைச் சிக்கல் இல்லை. ஆனால் ஒரே ஒருமுறை நிகழும் குறிகையைச் சேமிக்க இயலாது. சென்னையின் ரிச்சி தெரு, பெங்களூருவின் எஸ்.பி. சாலை, மும்பையின் லாமிங்டன் சாலை ஆகியவை இந்தியாவில் மின்னணுப் பொருட்களுக்குப் பெயர்பெற்ற சந்தைகள்.

வாங்குமுன் ஒளிக்கோடு கூர்மையாகவும் போதிய ஒளியுடனும் உள்ளதா, ஒவ்வொரு வோல்ட் நிலையிலும் கால நிலையிலும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை சரியாகத் தெரிகிறதா, குமிழ்களைத் திருப்பும்போது கோடு தாவுகிறதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். கருவியை அரை மணி நேரம் இயங்கவிட்டு மீண்டும் சோதித்தல் நன்று. எதிர்மின்கதிர்க் குழாய் உள்ள கருவிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் உண்டு. மின்செருகியைப் பிடுங்கிய பின்னரும் அது நீடிக்கலாம் என்பதால், பயிற்சி இல்லாதோர் பெட்டியைத் திறக்கக் கூடாது.

ஒருங்கிணைந்த கல்விக் கருவிகள்

புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம், ஃபீனிக்ஸ் திட்டத்தின் கீழ் எக்ஸ்ப்ஐஸ் என்னும் மலிவான ஆய்வகக் கருவியை உருவாக்கியது. கணினியுடன் இணைந்து இயங்கும் இது, அலைகாட்டி, குறிகை இயற்றி, கட்டுப்படுத்தத்தக்க மின்னழுத்த மூலம் ஆகியவற்றைச் சிறு பெட்டியில் தருகிறது. இதன் மென்பொருள் கட்டற்றது. பள்ளி, கல்லூரி இயற்பியல் சோதனைகளுக்கு ஏற்றதாயினும், உயர் அதிர்வெண் பணிகளுக்கு இது மாற்றாகாது.

அளவுத்திருத்தம்

இந்தியாவில் அளவீட்டுத் தரங்களைத் தேசிய இயற்பியல் ஆய்வகம் பேணுகிறது. அதன் தரங்களுடன் தொடர்புபடுத்தி அளவுத்திருத்தம் செய்து சான்றளிக்கும் ஆய்வகங்களும் உள்ளன. சிறு ஆய்வகத்திற்கு ஒவ்வோர் ஆண்டும் சான்று பெறுவது செலவுமிக்கது. மாற்றாக, ஏடி584 போன்ற மேற்கோள் மின்னழுத்தச் சில்லு ஒன்றையும், 0.1 விழுக்காடு துல்லியமுள்ள சில மின்தடையாக்கிகளையும் வைத்துக்கொண்டு பல்மானியை அவ்வப்போது சரிபார்க்கலாம். ஒரே மின்னழுத்தத்தை இரு பல்மானிகளால் அளந்து ஒப்பிடுவதும் பயனுள்ளது. முரண்பாடு தோன்றினால் ஏதோ ஒன்று பிழையானது என்பதாவது தெரியவரும்.

வாங்கும் வரிசை

எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தில் வாங்க இயலாத நிலையில், பின்வரும் வரிசை பொதுவாகப் பொருந்தும்.

1. உருகியும் உரிய பாதுகாப்பு வகையும் உடைய பல்மானி
2. மின்னோட்ட வரம்பு உடைய மின்வழங்கி
3. இரண்டாவது, மலிவான பல்மானி: மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒருங்கே அளக்கவும், முதற்கருவியைச் சரிபார்க்கவும்
4. எண்முறைப் பணிகள் இருப்பின், எளிய தருக்கப் பகுப்பாய்வி
5. 50 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட இருதட அலைகாட்டி
6. குறிகை இயற்றி
7. மின்தேக்கி, மின்தூண்டி அளக்கும் மானி

பணியின் தன்மைக்கேற்ப இவ்வரிசை மாறும். ஒலிப்பெருக்கிகளை உருவாக்குபவருக்குத் தருக்கப் பகுப்பாய்வி தேவையில்லை. அலைகாட்டி முன்னதாகவே தேவைப்படும். மின்வழங்கிகளைப் பழுதுநீக்குபவருக்குத் தனிமைப்படுத்தும் மின்மாற்றி, அலைகாட்டிக்கு முன்னரே வாங்கப்பட வேண்டியது.

இவற்றையும் பார்க்க

- பல்மானி
- அலைகாட்டி
- மின்காப்பு உருகி
- நைக்விஸ்ட்-ஷானன் மாதிரியெடுப்புத் தேற்றம்